துறைமுக வாயிலில் அறிவுரிமைக் காவல்

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், தம் பட்டினப்பாலையில், அந்நகரத் துறையில் சுங்கம் கொண்ட அலுவலரையும் மறவாது பாடியுள்ளார். கடலினின்று கரையேறும் பண்டங்களும், கரையினின்று கடலிலிறங்கும் பண்டங்களும் அளவிடப்பெற்று, சோழரது புலி இலச்சினை பொறிக்கப்பெற்ற பின்னரே துறையை விட்டு அகன்றன என்பது அவர் தரும் செய்தி. திருவள்ளுவரும் அரசனுக்குரிய பொருள்வகைகளுள் ஒன்றாக உல்கினை எண்ணினார். உல்கு என்பதே இக்காலத்தில் சுங்கம் எனப்படுவது. ஆகவே துறைமுக வாயிலில் அரசின் அலுவலர் நின்று சரக்கை ஆராய்தல் தமிழர்க்குப் புதியதோர் செய்தியன்று.

ஆயினும், அன்றைய சுங்கத்தார் சரக்கை நோக்கியது இறைப்பொருளின் பொருட்டே. இச்சரக்கின் மேல் உள்ள பெயர் யாருடையது? இதிலுள்ள நூலைப் படியெடுக்க இவருக்கு உரிமை உண்டா? இக்கருவியின் நுட்பத்தை முதலிற் கண்டவர் எவர்? இவ்வினாக்களை அவர்கள் எழுப்பினாரல்லர். இந்நாளிலோ, சுங்க அலுவலர் வரியை மட்டுமன்றி இவற்றையும் வினாவக் கடமைப்பட்டுள்ளார். அறிவுச்சொத்துரிமையை மீறிய சரக்குகளை நாட்டின் எல்லையிலேயே தடுக்கும் இம்முறை எவ்வாறு தோன்றியது, எங்ஙனம் நடைபெறுகின்றது, அதன் எல்லை யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய முற்படுகின்றோம். கடற்கரை நகராகிய கடலூரில் இருந்து கற்கும் நமக்கு இது புறம்பான பொருளன்று.

நம் கரையும் பழைய தடைகளும்

1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்று, அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாகவே, 1752 வரை இக்கோட்டையே சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக விளங்கிற்று. அவர்கள் இக்கரையை நாடி வந்ததற்குப் பெருங்காரணம் இங்கு நெய்யப்பெற்ற பருத்தித் துணியும், அதன்மேல் தீட்டப்பெற்ற அழியாத வண்ணமுமாம்.

அத்துணி இலண்டன் மாநகரில் பெருமதிப்புப் பெற்றது. அதனால் தம் பிழைப்பு கெட்டதென்று அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் முறையிட்டனர். 1700-இல் இயற்றப்பெற்ற ஆங்கிலச் சட்டம் கீழ்நாட்டு வண்ணத் துணிகளை அந்நாட்டில் விற்பதைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் தடுத்தது. எல்லையில் சரக்கைத் தடுத்தல் என்பதற்கு இஃது ஒரு முற்காலச் சான்று. ஆனால் இத்தடை எவருடைய உரிமையைக் காத்தது? உள்நாட்டுத் தொழிலாளரின் ஊதியத்தைக் காத்ததேயன்றி, துணியை ஆக்கியவன் அறிவைக் காத்ததன்று.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. இக்கரையில் சமயப்பணி புரிந்த இயேசு சபைக் குரு கேர்தூ என்பார், துணியில் வண்ணம் தீட்டும் முறையைத் தொழிலறிந்த கிறித்தவர்களிடம் கேட்டறிந்து, படிப்படியாக விளக்கி 1742-இல் கடிதமாக வரைந்தனர். அது பிரான்சு நாட்டில் அச்சிடப்பெற்றுப் பலராலும் படிக்கப்பட்டது. அக்குருவின் நோக்கம் அறிவைப் பரப்புதலே. அதனை யாம் குறைகூறேம். எனினும், நம் சாயத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட நுட்பம் தடையின்றிக் கடல் கடந்தது. அந்நுட்பத்தாற் செய்த துணியோ ஆங்கிலக் கரையில் தடையுண்டது. அத்தொழிலாளர் பெயர் ஒன்றேனும் வணிக உலகில் நிலைபெறவில்லை. அறிவுக்கு உரியவனைக் காக்கும் சட்டம் இல்லாத காலத்தின் நிலை இதுவேயாம்.

சட்டம் வளர்ந்த வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறலாயிற்று. ஆலைச் சரக்குகள் பெருகப் பெருக, ஒருவர் குறியை மற்றொருவர் பொறித்து விற்கும் வஞ்சகமும் பெருகிற்று. இங்கிலாந்தில் 1887-இல் வாணிகக் குறிகள் பற்றிய சட்டம் பிறந்தது. அதனை ஒட்டி இந்தியாவில் 1889-இல் வாணிகக் குறிச் சட்டம் இயற்றப்பட்டது. போலிக் குறி பொறித்த சரக்கும், பொய்யான விவரம் எழுதிய சரக்கும் இந்நாட்டிற் புகலாகாவென்று 1878-ஆம் ஆண்டுக் கடற்சுங்கச் சட்டத்திலும் விதி சேர்க்கப்பட்டது. ஆலைத்துணி ஒவ்வொன்றிலும் அதன் நீளம் இத்துணைக் கெஜம் என்று முத்திரையிடல் வேண்டும் என்பதும் அக்காலத்து ஏற்பாடேயாம். வாங்குவோன் ஏமாறாதிருத்தலே இவற்றின் நோக்கம்.

விடுதலைக்குப் பின்னர், பழைய கடற்சுங்கச் சட்டத்தின் இடத்தில் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் வந்தது. அதன் 11-ஆம் பிரிவு, குறித்த சில காரணங்களின் பொருட்டுச் சரக்குகளின் வரவையும் செலவையும் தடுக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. வாணிகக் குறிகளையும், காப்புரிமைகளையும், பதிப்புரிமைகளையும் பாதுகாத்தல் அக்காரணங்களுள் ஒன்று.

1995-இல் உலக வாணிக அமைப்புத் தோன்றிற்று. அதனோடு இணைந்த அறிவுச்சொத்துரிமை உடன்படிக்கையின் 51 முதல் 60 வரையுள்ள உறுப்புகள் எல்லைக் காவலைப் பற்றியன. அவ்வுடன்படிக்கை எதனைக் கட்டாயமாக்கியது என்பதை மாணவர் நுணுகி நோக்கல் வேண்டும். போலி வாணிகக் குறி தாங்கிய சரக்கும், திருட்டுப் படிகளாகிய சரக்கும் ஆகிய இவ்விரண்டையே உறுப்பு நாடுகள் எல்லையில் தடுக்க வகைசெய்தல் வேண்டும். காப்புரிமை முதலிய ஏனையவற்றை அவ்வாறு காத்தல் அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஒரு நாட்டின் வழியே பிறிதொரு நாட்டுக்குச் செல்லும் சரக்கைத் தடுக்கவேண்டும் என்ற கடமையும் விதிக்கப்படவில்லை.

இந்திய அரசு 2007-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் இதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அவை வாணிகக் குறி, பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு, காப்புரிமை ஆகிய ஐந்தனையும் ஒருங்கே தழுவின. அஃதாவது, உடன்படிக்கை கட்டாயமாகக் கேட்டதினும் மிகுதியாகவே நம் நாடு ஏற்றுக்கொண்டது. அம்மிகுதியால் விளைந்ததைப் பின்னர்க் காண்பாம்.

காவல் நடைபெறும் முறை

உரிமையாளர் ஒருவர், தம் உரிமையை மீறிய சரக்கு வருமென்று ஐயுற்றால், தம் உரிமைக்குரிய சான்றுகளுடன் சுங்க ஆணையரிடம் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். அவ்வறிவிப்பைப் பதிவு செய்வதா, தள்ளுவதா என்பதை ஆணையர் 30 வேலைநாட்களுக்குள் உரைத்தல் வேண்டும்.

பதிவு பெற்ற பின்னர், ஐயத்துக்குரிய சரக்கு துறைக்கு வரின், சுங்க அலுவலர் அதனை வெளிவிடாது நிறுத்துவர். நிறுத்திய செய்தியும் அதற்குரிய காரணமும் சரக்கை வருவித்தவருக்கும் உரிமையாளருக்கும் உடனே தெரிவிக்கப்படும். உரிமையாளர் 10 வேலைநாட்களுக்குள் வந்து வழக்கில் இணைதல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் இன்னும் 10 நாட்கள் நீட்டிக்கலாம். அழுகும் பொருளாயின் தவணை 3 நாட்களே. நீட்டிப்பு 4 நாட்கள். அத்தவணைக்குள் அவர் வாராராயின், பிற சுங்க விதிகள் நிறைவுற்றிருப்பின், சரக்கு விடுவிக்கப்படும். சரக்கைப் பார்வையிடவும் மாதிரி கொள்ளவும் இருதிறத்தார்க்கும் வாய்ப்புண்டு.

பொய்யாக முறையிட்டு மாற்றார் வாணிகத்தைக் கெடுப்பாரும் உலகில் உளராதலின், உரிமையாளர் பிணைமுறி எழுதிக்கொடுத்தல் வேண்டும். சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 110 விழுக்காடு அப்பிணையின் அளவாகவும், அதில் 25 விழுக்காடு ஈட்டுத் தொகையாகவும் 2007-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வகுத்தது. சரக்கை நிறுத்தியது தவறென்று முடிவுற்றால், வருவித்தவர் அடைந்த நட்டத்துக்கு இது காப்பாகும். எவரும் முறையிடாத விடத்தும், வெளிப்படையான சான்று காணின் அலுவலர் தாமே சரக்கை நிறுத்தலாம். ஆயின், உரிமையாளர் 5 நாட்களுக்குள் அறிவிப்பும் பிணையும் தாராராயின் அச்சரக்கை விட்டுவிடல் வேண்டும்.

உரிமையை மீறியதே என்று தெளிவுற்ற சரக்கு, அலுவலர் மேற்பார்வையில் அழிக்கப்படும். அல்லது சந்தைக்கு வாராத வழியில் ஒழிக்கப்படும். அதனை அப்படியே மீண்டும் கப்பலேற்றி வேற்று நாட்டுக்கு விடுத்தல் கூடாது. ஓரூரில் விலைபோகாத வஞ்சகம் மற்றோரூரில் விலைபோகாதிருத்தற்கே இவ்விதி. பிரயாணி ஒருவர் தம் சொந்தப் பயனுக்குக் கொணரும் சிறு பொருள்கள் இவ்விதிகளுக்கு உட்பட்டன அல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டையும் தெளிதல் நன்று. உரிமையாளரே ஒரு நாட்டில் விற்ற உண்மைச் சரக்கை, அங்கே வாங்கி மற்றொருவர் இங்கே கொணர்தல் வேறு. போலிச் சரக்கைக் கொணர்தல் வேறு. வாணிகக் குறியைப் பொறுத்தமட்டில், தன்மை மாறாத உண்மைச் சரக்கின் வரவு தடைக்குரியதன்று என்று சுங்க வாரியம் 2012-இல் விளக்கியுள்ளது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

இனி, இவ்வாராய்ச்சியின் நடுநாயகமான வினாவுக்கு வருவாம். வாணிகக் குறியொன்று போலியா என்பதை அறிய அலுவலர்க்கு வேண்டுவன இரண்டே: பதிவேட்டிலுள்ள குறியும், சரக்கின் மேலுள்ள குறியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் உண்மை பெரும்பாலும் புலனாகும். பதிப்புரிமையும் அத்தகையதே. காப்புரிமையோ அவ்வாறன்று. அது கருவியின் உள்ளே உறையும் நுட்பத்தைப் பற்றியது. அந்நுட்பம் புதியதா, முன்னரே பிறர் அறிந்ததா, இச்சரக்கு அந்நுட்பத்தைத் தழுவியதா என்பன வல்லுநரும் வழக்கறிஞரும் ஆண்டுக்கணக்கில் வாதிடும் பொருள்கள். பெட்டியைத் திறந்து பார்த்த அளவில் விளங்குவன அல்ல.

இவ்வுண்மையை நம் தமிழ்நாட்டு வழக்கொன்று நன்கு விளக்கும். மதுரையைச் சார்ந்த இராம்குமார் என்பார், ஒரே கைப்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளை இயக்கும் முறைக்கு 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் 214388 என்னும் எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றனர். 2007-ஆம் ஆண்டு விதிகளின் துணைகொண்டு அவர் சுங்கத்தாரிடம் முறையிடவே, 2009-இல் இரு சிம் அட்டைக் கைப்பேசிகளை வருவித்த நிறுவனங்களின் சரக்குகள் தடையுற்றன. சாம்சங், மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் முதலியன இவ்வழக்குகளில் சம்பந்தப்பட்டன. அக்காலத்தில் அவ்வகைப் பேசி எளியோரும் விரும்பி வாங்கிய பொருள் என்பதை யாவரும் அறிவர். முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுச்சொத்து மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையை ஆராய்ந்து, 2012-இல் அதனை நீக்கிற்று. அவ்வாரியம் 2021-இல் கலைக்கப்பெற்று, அதன் பணிகள் உயர்நீதிமன்றங்களைச் சேர்ந்தன.

தனியொருவர் பெருநிறுவனங்களை எதிர்த்துத் தம் உரிமையை நாடியதை யாம் இகழ்கின்றோமல்லேம். எளியவனும் வலியவனை எதிர்நிற்கச் செய்வதே சட்டத்தின் மாண்பு. ஆயினும், இவ்வழக்கில் தடை முன்னே வந்தது. தீர்ப்புப் பின்னே வந்தது. நிலைபெறாதென்று பின்னர் முடிவுற்ற உரிமை ஒன்றின் பேரால் துறைமுக வாயில் அடைபட்டது. அவ்வாண்டிலேயே தில்லி உயர்நீதிமன்றமும், வேறொரு காப்புரிமை பற்றிய வழக்கில், அத்தகைய பூசலைத் தீர்த்தல் நீதிமன்றத்துக்கு உரியதேயன்றிச் சுங்கத்தாருக்கு உரியதன்று என்னும் கருத்தை வலியுறுத்திற்று. இவற்றின் பயனாக, 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் நாள் அரசு தன் விதிகளைத் திருத்திக் காப்புரிமையை அவற்றினின்றும் நீக்கிவிட்டது. காப்புரிமை பெற்றவர் இப்பொழுது நீதிமன்றத்தை அடைந்து, அதன் ஆணையைப் பெறுதல் வேண்டும்.

கடல் கடந்த மற்றொரு வழக்கு

இம்முறையால் நாம் பிறரைத் தடுத்ததை மேலே கண்டோம். பிறர் நம்மைத் தடுத்ததையும் காணின், உண்மை இருபுறமும் விளங்கும். 2008-ஆம் ஆண்டு டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தார் குருதியழுத்த நோய்க்குரிய லோசார்ட்டான் என்னும் மருந்துப் பொருளைப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பினர். அதன் எடை ஏறத்தாழ 570 கிலோகிராம். இந்தியாவிலும் அதற்குக் காப்புரிமை இல்லை, பிரேசிலிலும் இல்லை. வழியில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் அது மாற்றி ஏற்றப்படுங்கால், ஒல்லாந்து நாட்டில் காப்புரிமை உண்டென்ற காரணத்தால் அந்நாட்டுச் சுங்கத்தார் அதனைத் தடுத்து வைத்தனர். சில வாரங்கள் கழித்து அம்மருந்து பிரேசிலை அடையாது இந்தியாவுக்கே மீண்டது. அக்காலத்தில் இந்திய மருந்துகள் வேறு பலவும் அங்கே இவ்வாறே தடையுற்றன.

ஒரு நாடு வழங்கும் காப்புரிமை அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லும் என்பது இத்துறையின் முதற் பாடம். ஒல்லாந்தில் விற்கப்படாத, ஒல்லாந்தர் உண்ணாத மருந்தால் ஒல்லாந்தின் உரிமையாளருக்கு நேர்ந்த இழப்பு யாது? 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பிரேசிலும் உலக வாணிக அமைப்பில் முறையிட்டன. 2011 ஜூலையில் இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வழிச்செல்லும் மருந்து தன் நாட்டில் காப்புரிமை உடையது என்பது மட்டும் அதனைத் தடுக்கப் போதிய காரணமாகாது என்னும் கொள்கையை ஒன்றியம் ஏற்றது.

நம் கடலூர்ச் சிப்காட்டு வளாகத்திலும் மருந்துகளுக்குரிய மூலப்பொருள் செய்யும் ஆலைகள் உள்ளன. அத்தகைய ஆலைகளில் நம் மாணவர் பலர் வேலை நாடுதல் இயல்பு. ஆகவே, அயல்நாட்டு வானூர்தி நிலையத்தில் ஒரு பெட்டி தடைபடுதல் நமக்குத் தொலைவான செய்தியன்று. மேலும், அப்பெட்டியை எதிர்நோக்கிப் பிணியாளர் காத்திருக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

போலி மருந்தையும், உரிய தரத்தோடு செய்யப்பெற்ற பொது மருந்தையும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை. முன்னது, பிறர் பெயரைத் தாங்கி, உள்ளே யாதுளதென்று அறியவொண்ணாதது. உயிரைக் கொல்லவும் வல்லது. பின்னது, தன் பெயரை மறைக்காதது. எளியோருக்கு எட்டும் விலையில் உயிர் காப்பது. முன்னதை வாயிலில் தடுத்தல் அறம். ஆராயாது பின்னதைத் தடுத்தல் மறமேயாம்.

பண்ருட்டி காட்டும் பயன்

இதனால் எல்லைக் காவலே வேண்டா என்று கொள்ளற்க. அதனால் நம் மாவட்டத்தார் பெறத்தக்க பயனும் உண்டு. பண்ருட்டிப் பலாவும் பண்ருட்டி முந்திரியும் 2025-இல் புவிசார் குறியீடு பெற்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுற்ற இப்பெயர்கள், அந்நிலத்து விளைவுக்கே உரியன. பிற நாட்டு முந்திரிக்கொட்டை தன் நாட்டுப் பெயரோடு நம் துறைகளுக்கு வருதல் குற்றமன்று. நம் பகுதி ஆலைகள் அதனை வாங்கியும் உடைக்கின்றன. ஆனால் வேற்று நாட்டுப் பருப்பை உறையிலிட்டு, அதன்மேல் பண்ருட்டி என்று எழுதிக் கொணர்வாராயின், அது 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி தடுக்கத்தக்கது. இங்கே பொய்யை உரைப்பது உறையின்மேலுள்ள எழுத்து. கண்ணுள்ள அலுவலர் அதனைக் காணவல்லார்.

ஆயினும், அலுவலர் காண்பதற்கு முன்னே உரிமையாளர் விழித்திருத்தல் வேண்டும். பெயரைப் பதிவு செய்த அளவில் காவல் தானே வந்துவிடாது. பயிரிடுவோர் தம் பெயர்களை உரிய பதிவேட்டில் சேர்த்தல் வேண்டும். சங்கத்தார் சுங்க ஆணையரிடம் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். பிணைக்குரிய பொருளை ஆயத்தமாக வைத்தல் வேண்டும். தவணைக்குள் சென்று சான்று காட்டுதல் வேண்டும். பெருநிறுவனத்துக்கு இவை எளியன. சிறு உழவர்க்கு அரியன. சட்டமும் வணிகவியலும் கற்கும் நம் மாணவர்கள் அவர்கட்குத் துணைநிற்பின், அக்கல்வி பயனுடையதாகும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெயரின்றி மறைந்த சாயத் தொழிலாளரின் நிலை முந்திரித் தோப்பில் உழைப்பார்க்கும் வாராதிருத்தற்கு இதுவே வழி.

முடிவுரை

பத்துக் கட்டளைகளுள் களவை விலக்குவது ஒன்று. பொய்ச்சான்றை விலக்குவது மற்றொன்று. போலிக் குறி பொறித்தவன் இரண்டையும் ஒருங்கே மீறுகின்றான்: பிறன் நற்பெயரைக் கவர்கின்றான், வாங்குவோனிடம் பொய் உரைக்கின்றான். அவனைத் துறைமுக வாயிலில் தடுத்தல் அரசின் கடமை. ஆனால் பொய்ச்சான்றை விலக்கும் கட்டளை, முறையிடுவோனையும் கட்டுப்படுத்தும் என்பதை நினைவிற் கொள்க. இல்லாத உரிமையை உண்டென்று சொல்லி அயலான் சரக்கை நிறுத்துவிப்பவனும் அதனை மீறியவனே.

ஆதலின், கண்ணாற் காணத்தக்க களவை வாயிற்காவலர் தடுப்பாராக. கருத்தால் ஆராயத்தக்க பூசலை நீதிபதி தீர்ப்பாராக. காவலர் கையில் துலாக்கோலைக் கொடுத்தலும், நீதிபதியை வாயிலில் நிறுத்தலும் ஒவ்வா. 2018-இல் நம் நாடு செய்த திருத்தமும், 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தார் ஏற்ற கொள்கையும் இவ்வுண்மையையே இருவேறு வழியால் நாட்டின. புலி பொறித்த அக்காலத்து அலுவலர்க்கு அயர்வின்மை ஒன்றே போதியதாயிருந்தது. இக்காலத்து அலுவலர்க்கு அயர்வின்மையோடு, தம் அதிகாரம் எங்கே முடிகின்றது என்னும் அறிவும் வேண்டும்.